எலிமுள் காய்கறியான வரலாறு

மனிதனுக்கு நிம்மதி வேண்டுமென்றால் கொஞ்சம் மண் வேண்டும் என்பதை ஜெர்மானியர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நிம்மதி அளவுக்கு மீறிப் போய்விடாமல் இருக்க ஒரு சங்கமும், சங்கத்துக்கு ஒரு விதிப்புத்தகமும் வேண்டும் என்பதையும் கூடவே கண்டுபிடித்தார்கள். எல்பே ஆற்றங்கரையில், ரயில் பாதைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் 'காலைக் கதிர்' தோட்டச் சங்கத்தில் தோட்டங்கள் அறுபத்தைந்து, விதிகள் நூற்றுப் பன்னிரண்டு. ஆளுக்கு ஒன்றேமுக்கால் விதி வீதம் பங்கு போட்டாலும் யாருக்கும் குறை இருக்காது.

விதிகளில் தலையாயது ஏழாவது. 'ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு நிலம் உண்ணத்தக்க பயிர்களுக்கென ஒதுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.' தொழிலாளிக் குடும்பங்கள் வயிற்றைக் கழுவுவதற்காக எப்போதோ எழுதிய விதி அது. அன்றைக்குப் பசி இருந்தது. இன்றைக்குப் பசி போய்விட்டது, விதி மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

பதினேழாம் எண் தோட்டம் ரோஸ்விதா க்ளாசனுக்குக் கிடைத்தது அவளுடைய அறுபத்து மூன்றாம் வயதில். முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் டிராம் ஓட்டியவள். அவள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்று சுவரைப் பார்க்கும், இன்னொன்று ஒரு பேரங்காடியின் சரக்கு இறக்கும் வாசலைப் பார்க்கும். தோட்டம் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு ஒன்பது வருஷம் காத்திருந்தாள். ஒரு நாற்காலியைப் போட்டு, தலைக்கு மேல் இலை ஆட, கையில் காப்பியோடு உட்கார வேண்டும். அவள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

இலைக்குக் குறைவில்லை. தோட்டத்தின் தென்புறத்தில் நகராட்சிக்குச் சொந்தமான இரண்டு பீச் மரங்கள், பழம் தரும் பீச் அல்ல, காட்டு ஜாதி, இருந்தன. ஒவ்வொன்றும் சர்ச் கோபுர உயரம். வெயிலை மேலேயே வாங்கிக்கொண்டுவிடும், மழையைக் கீழே வேர்கள் குடித்துவிடும். ஊரெல்லாம் கால் வழுக்கும் நவம்பர் மாதத்திலும் பதினேழாம் எண்ணில் மண்ணை எடுத்து ஊதினால் பறக்கும். இதற்கு முன்னால் இருந்தவர் ஏன் இவ்வளவு சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தார் என்பது அவளுக்கு ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது.

அவளும் விதிப்படி தக்காளி நட்டாள். மூன்றாவது வாரம் சங்கத்தின் தோட்ட ஆலோசகர் டெட்லெஃப் ஷ்ரம் ஆய்வுக்கு வந்தார். கையில் அட்டை, காதில் பென்சில்.

"இது என்னம்மா?"

"தக்காளி, ஷ்ரம் சார்."

"செத்துப்போச்சே."

"ஆமா சார். போன செவ்வாக்கிழமை."

"பரவாயில்ல. எத்தனை?"

"பன்னெண்டு."

அவர் எழுதிக்கொண்டார்: 'தக்காளி, பன்னிரண்டு. நிலை: இயற்கை எய்தியது. விதி ஏழு: நிறைவு.'

அடுத்த வருஷம் பீன்ஸ் இயற்கை எய்தியது. அதற்கடுத்த வருஷம் நூல்கோல். ஒவ்வொரு முறையும் ஷ்ரம் வந்து, குனிந்து பார்த்து, எண்ணிக்கொண்டு போனார். மூன்று வருஷமும் அவள் தோட்டத்தின் மீது ஒரு புகாரும் இல்லை. காய்ந்த குச்சிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவளுக்குத்தான் காப்பி இறங்கவில்லை.

ஒரு செப்டம்பர் மாதம் கல்லறைத் தோட்டம் வழியாகக் குறுக்கே நடந்து வந்தபோது அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். பெரிய மரத்தின் அடியில், புல்கூட முளைக்காத இருட்டில், முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. இலை நுனியில் முள். தொட்டால் நறுக்கென்று பதில் சொல்லும். ஊரில் அதற்கு எலிமுள் என்று பெயர். தொங்கவிட்ட இறைச்சியை எலி தொடாமல் இருக்க அந்தக் காலத்தில் இதைக் கொத்தாகக் கட்டி வைப்பார்களாம். நாற்றுப்பண்ணைக்குப் போய்க் கேட்டாள்.

"அதுவா?" என்றாள் பண்ணைக்காரி. "முதல் ரெண்டு கோடைக்கு வாரம் ஒரு தடவை தண்ணி காட்டுங்க. வேர் பிடிச்சிட்டா அப்புறம் நீங்க யாரோ அது யாரோ. அதைக் கொல்லணும்னாதான் மெனக்கெடணும்."

ரோஸ்விதா ஐந்து செடி வாங்கினாள். மரவேர்களுக்கு நடுவே கைக்கோடாலியால் ஐந்து குழி வெட்டி, மக்கிய இலையைப் போட்டு, செடியை இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். குளிர்காலத்தில் எல்லாத் தோட்டமும் மொட்டையாகக் கிடந்தபோது இங்கே ஐந்து பச்சைப் புதர்கள் நின்றன. இரண்டாவது வருஷம் அவற்றில் சிவப்புப் பழங்கள் வந்தன. அவள் சந்தோஷப்பட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரியைக் கூப்பிட்டுக் காட்டும் அளவுக்குச் சந்தோஷப்பட்டாள். அதுதான் ஷ்ரம் காதுக்கும் எட்டியது.

அவர் வந்து புதரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"உயிரோட இருக்கே."

"அஞ்சும் உயிரோடதான் சார் இருக்கு."

"அதுதாம்மா பிரச்சனை. காய்கறி எங்க?"

"காய்கறி சாகுது சார். இது சாகல."

"செத்தாலும் காய்கறி காய்கறிதான். பயிருக்கு நிலத்தை ஒதுக்கணும்னுதான் விதியில இருக்கு, உயிரோட இருக்கணும்னு எங்கயும் இல்ல. முன்ன எல்லாம் உங்க தோட்டம் எவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு. உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

ஒரு வாரத்தில் சங்கத் தலைவர் எக்கெஹார்ட் வீபேயிடமிருந்து கடிதம் வந்தது. வீபே நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு மேஜையில்கூடத் தட்டுக்கும் கரண்டிக்கும் இடையே எல்லைத் தகராறு வராதபடி பார்த்துக்கொள்பவர். 'பொருள்: பதினேழாம் எண் தோட்டத்தில் அலங்காரச் செடிகள் விதிக்குப் புறம்பாகச் செழித்திருத்தல் தொடர்பாக. மேற்படி செழிப்பைத் தாங்கள் உடனடியாக நிறுத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். இது முதல் எச்சரிக்கை.' எச்சரிக்கை இரண்டு வரை வரும். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பித் தர வேண்டும்.

பதினெட்டாம் எண் கூட்ருன் லோரன்சன் வேலிக்கு மேலே எட்டிக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், வாய்க்குப் பூட்டு போட்டுப் பழக்கமில்லாதவள்.

"என்னடி இது? செத்தா பாராட்டு, பொழைச்சா நோட்டீசா?"

"அஞ்சையும் பிடுங்கிடலாமான்னு பாக்கறேன்."

"பிடுங்கிட்டு? மறுபடியும் தக்காளிக்குக் கருமாதி பண்ணிட்டு இருக்கப் போறியா? சும்மா இரு. எங்க பெரியம்மா ஒருத்தி இத்தாலியில வாக்கப்பட்டுப் போனா. வசந்தத்துல இந்தச் சனியனோட குருத்தை அவிச்சுத் தின்னுவோம்னு ஒரு கடுதாசி எழுதியிருக்கா. அஸ்பாரகஸ் மாதிரியாம். வீட்ல எங்கயோ கிடக்கு, தேடிப் பாக்கறேன்."

அஸ்பாரகஸ் என்ற சொல்லைக் கூட்ருன் யோசித்துத்தான் சொன்னாள். ஏப்ரல் மத்தியிலிருந்து ஜூன் இருபத்து நான்காம் தேதி வரை இந்த நாட்டுக்கு வேறு நினைப்பு கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து வரும் அந்த வெள்ளைத் தண்டை உரித்து, அவித்து, வெண்ணெயில் முக்கித் தின்பதற்காக மந்திரிகள் கூட்டத்தை ஒத்திப் போடுவார்கள், பேசாத சம்பந்திகள் பேசுவார்கள். அஸ்பாரகஸ் மாதிரி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை இல்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் துணிவு வராது.

கடிதம் கிடைத்தது. ரோஸ்விதா மேல்முறையீடு செய்தாள். வீபே மனம் போனபடி முடிவெடுப்பவர் அல்ல, ஆகையால் 'உண்ணத்தகுதி ஆய்வுக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. வீபே, ஷ்ரம், இவர்களோடு நாற்பதாம் எண் டாக்மார் நிசன். டாக்மார் ஊரில் எந்தப் புது உணவகம் திறந்தாலும் முதல் வாரத்திலேயே போய்ச் சாப்பிட்டு, இரண்டாவது வாரம் அது பழசாகிவிட்டது என்று சொல்பவள்.

ஏப்ரலில் குருத்து வந்தது. மொத்தம் பதினொன்று. சங்கக் கட்டடத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அவித்து, வெண்ணெயும் முட்டை மஞ்சள்கருவும் அடித்த சாஸை ஊற்றி, பன்றித் தொடைக்கறியோடு குழுவின் முன் வைத்தார்கள். ரோஸ்விதா சுவரோரம் நின்றாள். முந்தின நாள் அவள் வீட்டில் ஒரு குருத்தை அவித்துத் தின்று பார்த்திருந்தாள், உடனே துப்பியும் இருந்தாள். அதை இங்கே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூவரும் மென்றார்கள். வெகு நேரம் மென்றார்கள்.

"கொஞ்சம்... கசக்குதோ?" என்றார் வீபே.

"கசப்பா?" டாக்மார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இது முதிர்ச்சி, வீபே சார். பழகாத நாக்குக்குக் கசப்பு மாதிரி தெரியும்."

பழகாத நாக்கு என்று பெயர் எடுக்க ஷ்ரம் விரும்பவில்லை. "எனக்கு அப்பவே தெரிஞ்சுது. முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் பின்னாலேர்ந்து ஒரு காடு வருது."

"எனக்கும் வருது," என்றார் வீபே, கண்ணில் தண்ணீரோடு. அவர் இரண்டு கோப்பை ஒயினை அடுத்தடுத்து இறக்கிவிட்டு, எலிமுள் இனி 'நிழல் அஸ்பாரகஸ்' என்று வழங்கப்படும் என்றும் அது காய்கறியே என்றும் ஒருமனதாகத் தீர்மானம் எழுதினார். அதன் இலை போல இருப்பது இலையே அல்ல, தட்டையான தண்டு என்று ஷ்ரம் ஒரு குறிப்பைச் சேர்த்தார். அஸ்பாரகஸும் தண்டுதான் என்பதால் இது கூடுதல் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ரோஸ்விதா அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். வருஷக்கணக்கில் அவள் குடித்ததிலேயே நல்ல காப்பி அது.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. டாக்மார் நிசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மே மாதத்துக்குள் நாற்றுப்பண்ணையில் எலிமுள் தீர்ந்துபோனது. ஜூனில் அதை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் வாங்கி வந்தார்கள். வாங்கி வந்த பிறகுதான் அதற்கு வறண்ட நிழல் வேண்டும் என்பதும், தங்கள் தோட்டத்தில் வெயிலும் ஈரமும் கொட்டிக் கிடப்பதும் அவர்களுக்கு உறைத்தது. பரம்பரை பரம்பரையாகச் சண்டை போட்டு வாங்கிய தெற்குப் பார்த்த தோட்டங்கள் ஒரே வாரத்தில் அவமானமாகிவிட்டன.

"எங்களுக்கு இப்ப நாலு மணி நேரம்தான் வெயில்," என்பார் ஒருவர் வாசலில் நின்று.

"நாலா? பாவம். எங்களுக்கு ரெண்டு."

கடற்கரைக் குடைகள் வந்தன. பிறகு படுக்கை விரிப்புகள், பிறகு கப்பல் பாய்த்துணி. தக்காளியையும் பீன்ஸையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு முழுக்க எலிமுள் நட்டார்கள். மழை பெய்தால் மண் நனைந்துவிடுமே என்று குடும்பத்தோடு ஓடி வந்து செடிக்குக் குடை பிடித்தார்கள். வடக்கு ஜெர்மனியில் அதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அப்பா, அம்மா, மாமனார் மூவரும் தலையில் சொட்டச் சொட்ட, நடுவில் செடி மட்டும் காய்ந்துபோய் நிற்கும் காட்சியை ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சில பேர் அவசரத்தில் வேறு ஏதோ முள்செடியை நட்டுவிட்டார்கள். இது போலிக்கு வழி வகுக்கும் என்று வீபே கவலைப்பட்டார். அவர் கவலைப்பட்டால் விதி பிறக்கும். நூற்றுப் பதிமூன்றாம் விதி பிறந்தது: 'நிழல் அஸ்பாரகஸ், நிபுணரின் சான்றிதழ் பெற்றிருப்பின் மட்டுமே காய்கறி. இல்லையேல் அலங்காரச் செடி. நிபுணர் சங்கத்தின் உறுப்பினராக இருத்தல் வேண்டும்.' ஊரில் அந்தச் செடியைச் சரியாக அடையாளம் தெரிந்த உறுப்பினர் ஒரே ஒருத்திதான். ரோஸ்விதாவைக் கூப்பிட்டு ஒரு வட்ட முத்திரையையும் மைப்பெட்டியையும் கையில் கொடுத்தார்கள்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மறைப்பதற்கில்லை. முத்திரை கையில் வந்ததும் நடையே மாறிவிட்டது. தோட்டம் தோட்டமாகப் போய், குனிந்து, "ம்" என்று ஒரு நிமிஷம் இழுத்துவிட்டு, பிறகு குத்தினாள். அறுபத்து நான்கு தோட்டங்களுக்கும் குத்தினாள். டாக்மார் நிசனை மட்டும் வேண்டுமென்றே கால் மணி நேரம் வெயிலில் காக்க வைத்தாள்.

ஜூலை முதல் வாரம் வீபே அவள் வாசலுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"க்ளாசன் அம்மா, கணக்கு பாத்தேன். அறுபத்து நாலு சான்றிதழ்தான் இருக்கு. உங்க தோட்டத்துக்கு இல்லையே."

"நான்தானே சார் சான்றிதழ் குடுக்கிற ஆளு."

"அதனாலதான். தன் தோட்டத்துக்குத் தானே முத்திரை குத்திக்கிட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அப்ப வேற யாராவது குத்தட்டும்."

"வேற யாரும் நிபுணர் இல்லையே."

"சார், இந்தச் செடியை இங்க கொண்டுவந்ததே நான். காய்கறின்னு நீங்க தீர்மானம் போட்டது இதோ இந்த அஞ்சு புதரைப் பாத்துத்தான்."

"அதை நடவடிக்கைக் குறிப்புல நன்றியோட பதிவு பண்ணியிருக்கோம்."

"இதுக்கு என்னதான் வழி?"

வீபே உண்மையாகவே வருத்தப்பட்டார். "வழி இல்லம்மா. விதிதான் இருக்கு."

முதல் எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது வந்தது, அதன் பின்னாலேயே நீக்க உத்தரவும் வந்தது. சான்றிதழ் இல்லாத அலங்காரச் செடிகள் வளர்த்த குற்றத்துக்காக ரோஸ்விதா சாவியையும் முத்திரையையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே மேஜையில், காத்திருப்போர் பட்டியலின் கடைசியில், தன் பெயரை மறுபடி எழுதினாள். முன்னால் எழுபது பேர் இருந்தார்கள். அவள் அழவில்லை என்று எழுத ஆசைதான். டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து நன்றாகவே அழுதாள். மூன்று டிராம் வந்து போயின, எதிலும் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் கூட்ருன் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம், வீபே சார். ரோஸ்விதா இப்ப உறுப்பினரா?"

"இல்ல."

"நிபுணர் யாரா இருக்கணும்?"

"உறுப்பினரா."

"அப்ப அவ இப்ப நிபுணரா?"

"இல்ல."

"நிபுணர் இல்லாத ஒருத்தி குத்தின முத்திரையை வெச்சுக்கிட்டா நாம எல்லாரும் இங்க உக்காந்திருக்கோம்?"

ரோஸ்விதாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் கூட்ருன் இப்படி மடக்கினாள். அவள் வீபேயைத் தப்பாக எடை போட்டுவிட்டாள். அவர் விதிப்புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது.

"இப்பவே எல்லாரும் தக்காளி நட்டுட்டா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ஜூலை மாசம் தக்காளி நடறது விவசாயம் இல்லைங்க, பித்தலாட்டம்," என்றார் வீபே.

அவரை இரக்கமற்றவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். தன் மீதும் இரக்கம் காட்டாதவர் அவர். அறுபத்து நான்கு உறைகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, நீக்க உத்தரவு மூன்றும் எண் போட்டு வரிசையாக இருந்தன. தனக்கான உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வீட்டு வாசலில் நின்று, தபால்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பிரித்துப் படித்ததும் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைக் கூட்டி, புது நிர்வாகத்துக்குத் தேர்தல் நடத்தி, சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு, பட்டியலின் கடைசியில் போய் நின்றார்.

எழுபது பேரில் அறுபத்து நான்கு பேர் அறுபத்து நான்கு தோட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் வேலையாக எலிமுள்ளைப் பிடுங்கி எறிந்தார்கள், அது ஏற்கெனவே பழசாகிவிட்ட சங்கதி. மீதி ஆறு பேர் ஒவ்வொருவராகப் பதினேழாம் எண்ணுக்கு வந்து, மேலே அண்ணாந்து மரத்தைப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழாவது பெயர் ரோஸ்விதா. அவள் உள்ளே வந்தபோது ஐந்து புதரும் அப்படியே நின்றன. அவளை யாரென்று கேட்காமல் நன்றாக வளர்ந்திருந்தன.

வசந்தத்தில் புதுத் தோட்ட ஆலோசகர் ஆய்வுக்கு வந்தார். டோர்பென் என்று பெயர், கணினிக் கம்பெனியில் வேலை. கூட்ருனின் பழைய பதினெட்டாம் எண் இப்போது அவருடையது. விதிகள் நூற்றுப் பதிமூன்றையும் கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்தார். தக்காளிக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம், இரண்டும் தட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் தெரியும்.

"இது என்ன பயிருங்க?"

ரோஸ்விதா வேலிப் பக்கம் பார்த்தாள். வேலிக்கு வெளியே பொதுப்பாதையில் வீபே நின்றுகொண்டிருந்தார். தினமும் வந்து தன் பழைய தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. ரோஸ்விதா முப்பத்தொரு வருஷ டிராம் வேலையில் ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால்கூட அதைத் தானே குறித்துக் கொடுத்தவள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு வரி வரியாகத் தெரியும்.

"உருளைக்கிழங்கு," என்றாள்.

"முள்ளு இருக்கே."

"காட்டு ரகம்."

"கிழங்கு ஒண்ணையும் காணோமே."

"மண்ணுக்கு அடியில இருக்கு. உருளைக்கிழங்கு வேற எங்க இருக்கும்?"

டோர்பென் சிவந்துபோனார். "அது தெரியும். ஒண்ணு தோண்டிக் காட்ட முடியுமான்னு கேட்டேன்."

"தோண்டிக் காட்டணும்னு விதி இருக்கா?"

அவர் கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இல்லை. வெளியே வீபே வாயைத் திறந்தார். ஆய்வின்போது உறுப்பினர் அல்லாதோர் கருத்துக் கூறலாகாது என்ற ஐம்பத்தெட்டாம் விதியை எழுதியதே அவர்தான். வாயை மூடிக்கொண்டார். 'உருளைக்கிழங்கு. வளர்ச்சி மிக நன்று. விதி ஏழு: நிறைவு' என்று டோர்பென் பதிவு செய்தார்.

ரோஸ்விதாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்கும் இப்போது ஒரு சொந்த இடம் இருந்தது.

இந்த மாதிரி விஷயம் வேலிக்குள் அடங்காது. அந்தக் கோடையில் 'காலைக் கதிர்' தோட்டங்களில் விதவிதமான உருளைக்கிழங்கு பதிவாயிற்று. ரோஜா பூக்கும் உருளைக்கிழங்கு, புல்வெளியாகப் படரும் உருளைக்கிழங்கு, குழந்தைகள் ஏறிக் குதிக்கும் வட்ட வலைக்கு அடியில் விளையும் உருளைக்கிழங்கு. யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாக் கிழங்கும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. டோர்பென் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு, படத்தோடு ஓர் அறிக்கை தயாரித்து நகராட்சிக்கு அனுப்பினார். சங்க வரலாற்றிலேயே முதல் முறையாக அறுபத்தைந்து தோட்டங்களிலும் விதி ஏழு நிறைவு.

நகராட்சி மனமாரப் பாராட்டியது. செப்டம்பர் மாதம் பதில் கடிதம் வந்தது. 'பொருள்: தங்கள் அபரிமிதமான விளைச்சல் தொடர்பாக. நகர முதியோர் இல்லச் சமையலறைக்கு ஒவ்வொரு தோட்டமும் மூன்று மூட்டை உருளைக்கிழங்கு அன்பளிப்பாக வழங்கும் விழா, வரும் சனிக்கிழமை மேயர் முன்னிலையில் நடைபெறும். தோட்டத்திலிருந்து எடுத்தபடியே, மண்ணோடு கொண்டு வரவும். பத்திரிகையாளர்கள் வருகிறார்கள்.'

வெள்ளிக்கிழமை பேரங்காடியில் உருளைக்கிழங்கு வரிசை வாசல் வரை நின்றது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ரோஸ்விதா தள்ளுவண்டியில் மூன்று மூட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். கடைக் கிழங்கு பளபளவென்று கழுவியிருந்தது. மரத்தடி மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தேய்த்தாள். மாவு போல உதிர்ந்ததே தவிர, ஒரு துகள் ஒட்டவில்லை.

ஈர மண்ணுக்குப் பக்கத்துத் தோட்டத்தை விட்டால் வேறு வழியில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு, எரிச்சலோடும் பயத்தோடும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பதினெட்டாம் எண் தோட்டக் குடிலின் கதவைத் தட்டினாள்.

டோர்பென் கதவைத் திறந்தார். முழங்கை வரை சேறு. அவர் பின்னால் துணி துவைக்கும் தொட்டி ஒன்றும், வாய் கட்டிய மூன்று மூட்டைகளும் இருந்தன. மூட்டையில் கடைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோட்ட ஆலோசகர் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா?

"நாலு கை மண்ணுக்கு ஒரு கை தண்ணி," என்றார். "பூசிட்டுக் கொஞ்சம் காய வெச்சிருங்க. அப்பதான் நம்ம தோட்டத்துல விளைஞ்ச மாதிரி இருக்கும்."